தொகைக்கு முன்னால் நின்ற ஒன்று

அன்றைக்கு அலுவலகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். செயலாளர் சோலைச்சாமி சார், காசாளர் ராமுத்தாய், கம்ப்யூட்டர் முன்னால் நான், கவுண்டருக்கு வெளியே பெஞ்சில் மூக்கம்மாள். களப்பணியாளர் பாண்டி காலையிலேயே வசூலுக்குக் கிளம்பிவிட்டதால் அவரைச் சேர்க்கவில்லை. வாசலில் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுப் போன் பேசிக்கொண்டிருந்தார், அவர் பக்கத்து உரக்கடைக்கு வந்தவர். இவ்வளவு கணக்காக ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு இந்த விஷயம் பேச்சில் அடிபடும்போதெல்லாம் ஆளாளுக்கு "நானும் அன்னைக்கு இருந்தேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இருந்தது நாங்கள் நான்கு பேர்தான்.

அருப்புக்கோட்டையில் ஆடு வாங்க, தறி வாங்க, கிணறு தூர்வார என்று சின்னச் சின்னக் கடன் கொடுக்கிற ஒரு சங்கத்தில் நான் பத்தொன்பது வருஷம் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். போன வாரம் ராமுத்தாய் போன் செய்தாள்.

"யக்கா, இனிமே நோட்டீஸு காகிதத்துல போகாதாம். பிடிஎஃப்ப அப்படியே மெம்பர் செல்லுக்கு அனுப்பப் போறாகளாம். புதுசா வந்த பிள்ளைக ஃபாண்டு நல்லா இல்லைன்னு மாத்தி மாத்திப் பாக்குதுக. அந்த ஒண்ணு கதைய நான் சொன்னா சிரிக்குதுக. நீங்க எழுதிக் குடுங்க, படிக்கட்டும்."

எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. மற்றவர்கள் எழுதியதை அடித்துக் கொடுத்தே காலம் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அம்மா பருத்தி எடுக்கப் போன காசில் டைப்ரைட்டிங் படித்தேன். பிறகு ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு நோட்டீஸ். அந்தக் காலத்து எழுத்துருக்களில் ஒவ்வொன்றுக்கும் விசைப்பலகை வேறு. ஒன்றில் 'க' வருகிற இடத்தில் இன்னொன்றில் 'ஞ' வரும். மணப்பெண் பெயர் மாறிப் போய்விட்டால் என்ன ஆகும் என்கிற பயத்திலேயே எனக்கு இருபதுகளில் நரை வந்தது. யூனிகோடு வந்தபோது ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. பயிற்சிக் காலம் என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

பயப்படுவது என் சுபாவம். பஸ் ஏறிய பிறகு கேஸை மூடினோமா என்று இறங்கி வீட்டுக்குத் திரும்புகிற ஆள் நான். மின்விசிறி கழன்று விழுமோ, பிரிண்டர் தீப்பிடிக்குமோ, பேப்பர் கட்டை எலி கடிக்குமோ என்று எல்லாவற்றுக்கும் பயந்திருக்கிறேன். ஒரே ஒரு விஷயத்துக்குப் பயப்படவில்லை. அதுதான் நடந்தது.

சோலைச்சாமி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்காருவார். மேஜையில் ஒரு மர ஸ்கேல் எப்போதும் இருக்கும். எந்தக் காகிதம் வந்தாலும் ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைத்து, உதடு அசையாமல் படித்து, அடுத்த வரிக்கு இறக்குவார். ஸ்கேல் நின்றுவிட்டால் அந்த வரியில் தப்பு இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் போட மாட்டார். ஸ்கேலை எடுக்காமல் நம்மைப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு நான் வேர்த்த மாதிரி சித்திரை வெயிலுக்கும் வேர்த்ததில்லை. உறுப்பினர்களுக்கு அவரவர் கடன் பாக்கியைச் சொல்லி அனுப்பும் நோட்டீஸ் எத்தனை ஓடினாலும் அவர் மூன்றைத்தான் எடுப்பார். முதல் நோட்டீஸ், கடைசி நோட்டீஸ், அந்த லாட்டிலேயே ரொம்ப நீளமான பெயர் உள்ள நோட்டீஸ். "இந்த மூணும் சரியா இருந்தா நடுவுல உள்ளது தன்னால சரியா இருக்கும்மா" என்பார். கையால் அடித்த காலத்தில் அது சரியாகவே இருந்தது.

முன்பு முந்நூறு நோட்டீஸ் அடிக்க இரண்டு நாள் ஆகும். செந்தில் என்று ஒரு தம்பி, கணக்குப் பட்டியலில் இருந்து தானாகவே பிடிஎஃப் உண்டாக்குகிற ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டார். எங்கே ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் போனில் சொல்வார், எந்த வரி, எந்தச் சொல் என்று நான் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். கருப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் ஒரு சொல்லை அடித்துத் தட்டினால் ஒவ்வொரு உறுப்பினர் பெயரும் மேலே ஏறிக்கொண்டே போகும். கூடவே ஊர் பெயரும். நரிக்குடி, மல்லாங்கிணறு, திருச்சுழி, நடுவில் எனக்குப் பெயர் மட்டுமே தெரிந்த எத்தனையோ சின்ன ஊர்கள். மதிய வேளையில், வெளியே புழுதி சுழன்று எழும்பி ரோட்டைக் கடந்து போகும்போது, உள்ளே அந்தப் பெயர்கள் மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கண் சொக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லா ஊரையும் கடந்து போகிற மாதிரி இருக்கும். எங்கும் இறங்க வேண்டியதில்லை. பத்து நிமிஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு நோட்டீஸ் ஆகிவிடும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதில் இருந்து ஸ்கிரிப்டையும் தமிழ் எழுத்துருக் கோப்பையும் நானே நகல் எடுத்துப் போட்டேன். ஓட்டிப் பார்த்தேன், எழுத்தெல்லாம் சுத்தமாக வந்தது. அந்த வாரம்தான் சார் கூப்பிட்டார்.

"இருளாயி, கெடு தாண்டுன தொகைய மட்டும் கொஞ்சம் தடிமனாப் போட முடியுமாம்மா? பாத்ததும் கண்ணுல படணும்."

என் நோட்டில் அதற்கு ஒரு குறிப்பு ஏற்கனவே இருந்தது. தலைப்புக்காகச் செந்தில் ஒருமுறை சொன்னது. கெடு தாண்டியவர்களுக்கு ஸ்கிரிப்டில் தனி வரி உண்டு. அந்த வரியில் சாதா என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு போல்டு என்று அடித்தேன். ஒரு நோட்டீஸை ஓட்டித் திரையில் பார்த்தேன். எண்கள் தடித்து நின்றன. அவற்றின் முன்னால் ஏதோ சின்னதாக ஒரு துளி தெரிந்தது. ரூபாய்க் குறி கொஞ்சம் சிறுத்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் ரூபாய்க் குறி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியும், அதனால் கண் அதையே பார்த்தது.

கருப்பு ஜன்னலில் பெயர்கள் ஏறும்போது இடையிடையே மஞ்சளாக ஒரு ஆங்கில வரி வந்து போனது. நீளமான வரி. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அது வருவதற்குள் போய்விடும். நோட்டீஸ் வந்துகொண்டிருந்ததால், வந்து போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சார் மூன்றை எடுத்துப் பார்த்தார். ஸ்கேல் எங்கும் நிற்கவில்லை. பாண்டி நோட்டீஸ் கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கிளம்பினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் நான் முதலில் சொன்ன நாள்.

மூக்கம்மாள் நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை ஊர்க்காரர். அறுபது வயது இருக்கும். புருஷன் இல்லை. மகன் திருப்பூரில் இருக்கிறான். ஆட்டுக் கடன் வாங்கியிருந்தார், நாலைந்து தவணை நின்றுபோயிருந்தது. முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார் போலிருக்கிறது, நாங்கள் கதவைத் திறக்கும்போது படியில் உட்கார்ந்திருந்தார். ராமுத்தாய் கவுண்டரைத் திறந்ததும் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்குவாளியின் மூடியைத் திருகி, உள்ளிருந்து பணத்தை எடுத்து வைத்தார்.

"எண்ணிக்கோத்தா. பதினெட்டாயிரத்து நானூறு. சரியா இருக்கும்."

ராமுத்தாய் ஏட்டைப் பார்த்தாள். "எட்டாயிரத்து நானூறுதான் இருக்கு. பத்தாயிரம் கூடக் குடுத்திருக்கீக."

"கூடவா? நீங்க அனுப்புன நோட்டீஸ்ல இருக்கே. எனக்கு எழுத்துதான் தெரியாது, எண்ணு தெரியும்."

மடியிலிருந்து நோட்டீஸை எடுத்து நீட்டினார். ராமுத்தாய் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு எழுந்து போய்ச் சாரிடம் கொடுத்தாள். சார் ஸ்கேலை வைத்தார். வரி வரியாக இறக்கினார். ஸ்கேல் நின்றது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

"இருளாயி. இது என்னம்மா?"

போய்ப் பார்த்தேன். தடித்த எண்களில் 8,400. அதற்கு முன்னால், ரூபாய்க் குறி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு ஒன்று. கொஞ்சம் சின்னது, கொஞ்சம் மேலே தூக்கினாற்போல. ஆனால் ஒன்றுதான். எழுத்து தெரியாதவர், எண்ணை மட்டும் நம்பிப் பார்க்கிறவர், அதைப் பதினெட்டாயிரத்து நானூறு என்றுதான் படிப்பார். தெரிந்தவர்களும் அப்படித்தான் படிப்பார்கள்.

"டோனர் சிந்தியிருக்கும் சார்" என்றேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

மூக்கம்மாளுக்கு விஷயம் மெதுவாகத்தான் புரிந்தது. "அப்போ எட்டாயிரத்து நானூறுதானா?" என்று ராமுத்தாயிடம் இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"பெறகு ஏன் ஆத்தா, ஒரு வார்த்தை கேக்காம இம்புட்டுப் பணத்தப் புரட்டிக்கிட்டு வந்தீக?" என்றாள் ராமுத்தாய்.

"வட்டிக்கு வட்டி போட்டிருப்பாகன்னு நெனச்சேன். கேட்டா இன்னும் ஏறும்ல."

"பணத்துக்கு என்ன பண்ணுனீக?"

"எட்டுச் சொச்சம் இருந்துச்சு, மெளகா வித்தது. பத்துக்கு ஆட்டத்தான் வித்தேன். ரெண்டு செனை ஆடு, ஒரு கெடா." பிறகு சாரைப் பார்த்துக் கேட்டார், குரலை உயர்த்தாமல்: "அய்யா, நீங்க பணத்தத் திருப்பிக் குடுத்துருவீக. ஆட்ட எப்படிக் குடுப்பீக?"

சார் ஸ்கேலை எடுக்கவே இல்லை. அது அந்த வரியின் கீழேயே இருந்தது.

மூக்கம்மாளை இருக்கச் சொல்லிவிட்டு, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அதே நோட்டீஸை மறுபடி அச்சடித்தேன். ஒன்று வந்தது. ஆக டோனர் இல்லை. கோப்பைத் திறந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். திரை முழுக்க ஒரு ஒன்று வந்து நின்றது. கரிசல் காட்டில் தனியாக நிற்கிற பனைமரம் மாதிரி. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் உச்சத்துக்குப் போனால் எனக்கு இப்படி ஆகும். எல்லாம் தூரமாக, மெதுவாக, சத்தமில்லாமல் தெரியும். பிரிண்டர் சத்தம் எங்கேயோ மில்லில் ஓடுகிற மாதிரி கேட்டது.

கெடு தாண்டாத ஒருவரின் நோட்டீஸைத் திறந்தேன். ரூபாய்க் குறி அழகாக இருந்தது. கெடு தாண்டிய இன்னொருவருடையதைத் திறந்தேன். ஒன்று. நாற்பத்தொரு பேர் கெடு தாண்டியவர்கள். நாற்பத்தொன்றிலும் ஒன்று. சார் எடுத்துப் பார்த்த மூன்று பேரும் தவணை ஒழுங்காகக் கட்டுகிறவர்கள். இரண்டு வகைக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் தடிமன் மட்டும்தான். அதைப் போட்டவள் நான்.

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. செந்திலுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, ஃபைல்ல ப்ராப்பர்ட்டீஸ் போங்க. அதுல ஃபாண்ட்ஸ்னு ஒரு பக்கம் இருக்கும். எத்தனை ஃபாண்டு பேர் இருக்கு?"

"ரெண்டு. ஒண்ணு நம்ம தமிழ் ஃபாண்டு. இன்னொண்ணு ஏதோ இங்கிலீஷ் பேரு. நான் போடவே இல்லையே தம்பி."

"நீங்க போடலை, அதுவா போட்டுக்கிட்டது. போல்டுக்குன்னு தனி எழுத்துரு ஃபைல் வேணும்க்கா. அது கெடைக்கலைன்னா இந்த ஸ்கிரிப்ட் நின்னு கேக்காது. ஒரு வரி சொல்லிட்டு, தன்கிட்ட உள்ள இங்கிலீஷ் ஃபாண்டை எடுத்துப் போட்டுக்கிட்டுப் போயிரும். மஞ்சளா ஏதாச்சும் வரி வந்துச்சா?"

"வந்துச்சு."

"அதான். அது சொல்லியிருக்கு."

"சரி தம்பி, ஒண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?"

"அந்த இங்கிலீஷ் ஃபாண்டுல ரூபா குறி கெடையாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் உண்டுல்லக்கா. ரூபா குறியோட நம்பர் பெருசு, அதுக்குள்ள அடங்காது. அதனால முன்பக்கத்த விட்டுட்டு வால மட்டும் எடுத்துக்கும். வண்டி நம்பர்ல கடைசி ரெண்டு எண்ண மட்டும் வச்சுக்கிட்டு வேற ஆளு வண்டியப் பிடிச்ச மாதிரி. அந்த வால் நம்பர்ல உக்காந்திருக்கிறது ஒரு குட்டி ஒண்ணு." பிறகு கேட்டார். "அக்கா, போல்டு யாரு போட்டது?"

சோலைச்சாமி சார் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும், அது எனக்குப் பழக்கம். எத்தனையோ பத்திரிகைகளில் கட்டம் வந்து, பதறி, சரி செய்திருக்கிறேன். கட்டம் வந்தால் குழந்தைக்குக்கூடத் தப்பு என்று தெரியும். இது கட்டமாக வரவில்லை. எண்ணோடு எண்ணாக, முழித்த கண்ணோடு வந்து வரிசையில் நின்றுகொண்டது. என் பிழையும் அப்படியே டோனர் மேலே, பாண்டி பை மேலே, எதன் மேலாவது போய் நின்றுகொள்ளும் என்று நானும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்.

"நான்தான் போட்டேன் தம்பி" என்றேன். பிறகு திரும்பி, "சார், நான்தான் மாத்துனேன். மஞ்சள் வரி வந்துச்சு, பாக்காம விட்டேன்."

மூக்கம்மாள் பெஞ்சிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஃபாண்டும் புரியாது, போல்டும் புரியாது. ஆனால் யார் சொன்னது என்பது புரிந்திருக்கும்.

சரி செய்ய ஒரு மணி நேரம் ஆனது. பழைய கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் கிடந்தது. அதைத் தூசி தட்டி ஓட்டினால், தடிமன் எழுத்துருக் கோப்பு அதில் இருந்தது. நகல் எடுக்கும்போது சாதாவை மட்டும் எடுத்திருக்கிறேன். அதைக் கொண்டுவந்து போட்டு, எந்த டிரைவ், எந்த ஃபோல்டர், என்ன பெயர் என்று முழு வழியையும் ஸ்கிரிப்டில் செந்தில் சொல்லச் சொல்ல அடித்தேன். ஓட்டினால் மறுபடியும் மஞ்சள் வரி. இந்த முறை விடவில்லை. ஒவ்வொரு எழுத்தாக நோட்டில் இறக்கிச் செந்திலுக்குப் படித்துக் காட்டினேன். நான் கோப்பைத் தப்பான ஃபோல்டருக்குள் தேடச் சொல்லியிருந்தேன். அதையும் திருத்தி ஓட்டினேன். பெயர்கள் ஏறின, மஞ்சள் வரவில்லை. ஃபாண்ட்ஸ் பக்கத்தைத் திறந்தேன். நம் தமிழ் சாதா, நம் தமிழ் தடிமன். அழைக்காத ஆள் இல்லை. அந்தத் தடிமனில் ரூபாய்க் குறி இருக்கிறதா என்று மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது. கடைசியாக, எழுத்துரு கிடைக்காவிட்டால் தானாக வேறெதையும் எடுக்காமல் நின்றுவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "அப்படிப் பண்ணா அடிக்கடி நிக்கும்க்கா" என்றார் செந்தில். "நிக்கட்டும் தம்பி. நின்னா நான் வந்து பாப்பேன்ல" என்றேன்.

ராமுத்தாய் மற்ற நாற்பது பேருக்கும் போன் செய்தாள். பாதிப் பேர் நோட்டீஸைப் பிரிக்கவே இல்லை. ஒருவர், "பத்தாயிரம் கூடப் போட்டாத்தான் பயந்து கட்டுவோம்னு போட்டீகளோ" என்று சிரித்தாராம். விற்றுவிட்டு வந்தது மூக்கம்மாள் மட்டும்தான். பயப்படுகிறவர்களுக்கே இப்படி நடக்கிறது.

மதியம் ராமுத்தாய் அந்தப் பத்தாயிரத்தைத் திருப்பிக் கொடுத்ததும், விற்ற ஆடுகளை மீட்க, நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மூக்கம்மாளோடு மல்லாங்கிணறுக்குப் பஸ் ஏறினேன். ஆட்டு வியாபாரி அந்த ஊர்க்காரர். லோடு வண்டி வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பிடிக்கிறவர். பஸ்ஸில் மூக்கம்மாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல், நடுநடுவே உழுது போட்ட வெறுங்காடு, வெயிலில் ஆடுகிற தூரம். நான் திரையில் கடந்து போன ஊர்கள் உண்மையாகவே ஒவ்வொன்றாகக் கடந்து போயின. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ இறங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் என் நோட்டீஸ் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

"நீயும் மெம்பராத்தா?" என்று கேட்டார்.

"இல்லைம்மா. டைப் அடிக்கிறவ."

"அப்போ ஒனக்கு எதுக்கு இந்த வேக்காடு?"

கண்டக்டர் வந்தார், இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

வியாபாரி வீட்டுப் பட்டியில் மூக்கம்மாளின் ஆடுகளில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சினை ஆடு, இடது காது நுனி வெளுத்தது. மற்ற இரண்டும் முந்தின நாளே மதுரைக்கு ஏறிவிட்டன. ஆடு அவரைப் பார்த்ததும் கயிற்றை இழுத்தது. அதைப் பார்த்துவிட்டு வியாபாரி விலையைச் சொன்னார்.

"ஆறாயிரத்து ஐந்நூறு."

"ஏம்ப்பா, மூணையும் சேத்துப் பத்துக்குத்தான பிடிச்சிட்டுப் போன. இப்போ ஒண்ணு ஆறரையா?" என்றார் மூக்கம்மாள்.

"நீங்கதான மதினி பத்து வேணும்னு சொன்னீக. வேணும்ங்கிறதச் சொன்னா, குடுக்கிறவன் அதுக்கு மேல எதுக்குக் குடுக்கான்? மூணும் பதினாறரை பெறும். அது எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும்."

"தெரிஞ்சுதான வாங்குன."

"தெரிஞ்சுதான் வித்தீக."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மூக்கம்மாள் தூக்குவாளியைத் திறந்து ஆறாயிரத்து ஐந்நூறை எண்ணிக் கொடுத்து ஆட்டைப் பிடித்துக்கொண்டார். வாளியில் மூவாயிரத்து ஐந்நூறு மிஞ்சியது. போனது ஒரு சினை ஆடும் ஒரு கிடாவும், இரண்டும் பத்தாயிரம் பெறும். ஆறாயிரத்து ஐந்நூறு நஷ்டம் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன்.

"குட்டிக்கு?" என்றார்.

"எந்தக் குட்டி?" என்றேன்.

"செனையாப் போயிருக்குல்லத்தா. அடுத்தவக ஆட்ட வாரத்துக்கு வாங்கி வளத்தாக்கூட குட்டில பாதி உண்டு. இது முழுசா என்னோடது. ஒண்ணுன்னே வச்சுக்க. பால்குடி மறந்த குட்டி ரெண்டாயிரத்துக்குப் போகும்."

எட்டாயிரத்து ஐந்நூறு. மறுநாள் சாரிடம் சொன்னேன். அவர் கணக்குப் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு தலைப்பாக விரலை இறக்கினார். பயணப்படி, எழுதுபொருள், தபால், பராமரிப்பு. "எழுத்துருவால போன ஆட்டுக்கு இதுல எந்தத் தலைப்பும்மா?" என்றார். கேலியில்லை, உண்மையாகவே தேடினார். இல்லை. நான் தருகிறேன் என்றேன். அவர் மறுக்கவும் இல்லை, மெச்சவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஆயிரம் ரூபாயை எடுத்து ஸ்கேலுக்கு அடியில் வைத்தார். "தடிமனாப் போடச் சொன்னது நான்தான்" என்றார். அன்றிலிருந்து மூன்று நோட்டீஸ் பார்க்கிற வழக்கத்தையும் மாற்றினார். முதல், கடைசி, நீளம் என்பது போய், ஒவ்வொரு வகையிலும் ஒன்று என்று ஆனது. கெடு தாண்டியவர், தாண்டாதவர், வட்டி மட்டும் பாக்கி உள்ளவர், கடன் முடித்தவர். தொகையை எண்ணில் போட்ட பிறகு எழுத்தாலும் போட வேண்டும் என்றும் சொன்னார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதனால் என்ன என்று நான் கேட்டேன். "படிச்சுக் காட்டுறவனுக்கு ஆகும்லம்மா" என்றார்.

புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் எழுத்துருவை மாற்றட்டும். நல்லதாகவே மாற்றட்டும். ஆனால் மாற்றிய பிறகு ஃபாண்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, நாம் சொன்ன பெயர்கள் மட்டும்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வகையிலும் ஒன்று எடுத்து, எண்ணை மட்டும் பார்க்காமல் எண்ணுக்கு முன்னால் நிற்பதையும் பார்க்க வேண்டும். மஞ்சள் வரி வந்தால் நிறுத்த வேண்டும். நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்.

சார் கொடுத்த ஆயிரம் போக ஏழாயிரத்து ஐந்நூறை மாதம் ஐந்நூறாகத் தருவதாகச் சொல்லி மூக்கம்மாள் வீட்டுக்குப் போனபோது, அவர் முதல் ஐந்நூறை வாங்கி எண்ணிவிட்டு, "வாயால சொன்னா எப்படித்தா? எனக்கும் ஒரு நோட்டீஸ் அடிச்சுக் குடு" என்றார். சிரிக்கவில்லை. அடித்துக் கொடுத்தேன். மாதம் பிறந்தால் பஸ் ஏறிப் போய்க் கொடுப்பேன், அவர் எண்ணிப் பார்ப்பார், பழைய காகிதத்தை வாங்கிக்கொண்டு புதிதைக் கொடுப்பேன். காது வெளுத்த ஆடு இரண்டு குட்டி போட்டது. பதினொரு மாதம் தவறாமல் நடந்தது. ஓய்வு பெற்ற பிறகு சங்கத்திலிருந்து வர வேண்டிய பணம் இன்னும் கைக்கு வராததால், இரண்டு மாதமாகப் போக முடியவில்லை. போன் செய்து சொன்னேன்.

"கெடு தாண்டிருச்சுல்லத்தா" என்றார். "தடிமனாப் போட்டுக் கொண்டா."

அந்த நோட்டீஸை இன்று காலை அடித்து, பெரிதாக்கிப் பார்த்து, அச்செடுத்து வைத்திருக்கிறேன். அவருக்கு நான் இன்னும் தர வேண்டியது ₹2,000. எழுத்தால்: ரூபாய் இரண்டாயிரம் மட்டும்.